பதினோராவது பொருத்தம்

ஜாதகம் கூடி வந்துவிட்டது. மண்டபமும் பிடித்தாகிவிட்டது. மணமக்களின் இரத்தத்தை யாராவது பார்த்தார்களா?

2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் இரத்த தான முகாம். அந்த வாரம் முழுக்க வானொலியில் 'வாங்க, இரத்தம் கொடுங்க' என்று நேயர்களை அழைத்துக்கொண்டிருந்தவள் நான். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து ஒருவரைக்கூட அழைத்துப் போகாவிட்டால் நன்றாக இருக்காதே என்று, கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பா மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது வயது 26. ஆறு மாதத்தில் திருமணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, எங்கள் அத்தை மகன்தான்.

தாதி அவள் விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்த்தார். “ஹீமோகுளோபின் 10.4 தான் இருக்கு. இரத்தம் கொடுக்கணும்னா 12.5 வேணும்மா.”

“எனக்கு எப்பவுமே இரத்தம் கம்மிதான் அக்கா” என்று சிரித்தாள் தங்கை. இடைநிலைப்பள்ளி நாள்களிலிருந்தே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், சுவரொட்டி என்று சித்தியும் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார். இரத்தம் மட்டும் ஏறவே இல்லை.

அடுத்த வாரம் அரசு கிளினிக்குக்குப் போனோம். அங்கே ஓர் இளம் டாக்டர், பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபினுக்குக் கீழே இருந்த இன்னோர் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். அதன் பெயர் எம்சிவி. ஒரு சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரியது என்று காட்டும் எண். 80-க்கு மேல் இருக்க வேண்டியது, தங்கைக்கு 64. இரும்புச்சத்து குறைந்தாலும் சிவப்பணு சிறுத்துப்போகும். ஆனால் அவள் உடலில் இரும்பு போதிய அளவுக்குச் சேமிப்பில் இருந்தது. அப்படியானால் காரணம் வேறு. அடுத்த பரிசோதனையில் விடை கிடைத்தது: பீட்டா தலசீமியா. அவள் நோயாளி அல்ல, அந்த மரபணுவைச் சுமப்பவள். கிளினிக்கில் அதை 'பெம்பாவா' என்பார்கள்.

அன்றிரவு சித்தி எங்களை உட்காரவைத்துச் சொன்னது இதுதான்: “யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. கல்யாணம் நின்னுடும்.”

சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் வாக்கியம் அது. அந்த மௌனம் எவ்வளவு பெரிய விலை கேட்கக்கூடியது என்பது எனக்கும் அன்று தெரியாது.

மழையும் மலையும்

வானொலியில் 'இன்று மாலை கிள்ளானில் மழை பெய்யலாம்' என்பதை 'மலை' என்று வாசித்துவிட்டால், ஐந்து நிமிடத்தில் ஒரு நேயர் அழைத்துக் காதைத் திருகிவிடுவார். மாறியது ஓர் எழுத்துதான், ஆனால் பொருளே மாறிவிட்டது. அதுவே 'வருகிறார்' என்பதை 'வருகின்றார்' என்று வாசித்தால் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஓர் எழுத்து கூடியும் பொருள் கெடவில்லை.

மரபணுப் பிறழ்வும் ஏறக்குறைய இப்படித்தான். நம் உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களுக்குள்ளும் டிஎன்ஏ என்ற நீண்ட ஏடு இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட ஏடு அது. தாயிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்துகள், தந்தையிடமிருந்து அதே அளவு. இவ்வளவையும் படியெடுக்கும்போது பிழை வராமல் இருக்குமா? பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும், அம்மாவிடமும் அப்பாவிடமும் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறக்குறைய 60 முதல் 70 வரை இருக்கின்றன. பெரும்பாலானவை 'வருகின்றார்' வகை. இருப்பதே தெரியாமல் நம்மோடு வாழ்ந்துவிட்டுப் போகும். சில நன்மையும் செய்யும். வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கிற திறன் நம்மில் சிலருக்கு இருப்பதும் ஒரு பழைய பிறழ்வின் பயன்தான். ஒருவரைப் போல இன்னொருவர் இல்லாமல் இருப்பதற்கே இந்த எழுத்து மாற்றங்கள்தான் அடிப்படை. பிறழ்வு இல்லாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்கூடக் கிடையாது.

சில மாற்றங்கள்தான் 'மலை பெய்யும்' வகை. தங்கையிடம் இருந்தது அதில் ஒன்று.

சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபின், ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வகைச் சங்கிலிகள் சேர்ந்து உருவாகிறது. பீட்டா சங்கிலிக்கான குறிப்பு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் நேரும் 200-க்கும் மேற்பட்ட வெவ்வேறு பிழைகள் பீட்டா தலசீமியாவை உண்டாக்குகின்றன. இந்திய வம்சாவளியினரிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழை, ஜி இருக்க வேண்டிய ஓரிடத்தில் சி இருப்பது. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிழை நேர்ந்த இடம், சங்கிலியைச் செய்வதற்கான குறிப்பிலேயே இல்லை. வெட்டி எறியப்பட வேண்டிய பகுதியில் இருக்கிறது. வானொலியில் ஒரு நேர்காணலைப் பதிவு செய்தால் அதில் இருமல், தடுமாற்றம், 'ஆங்... என்ன கேட்டீங்க?' எல்லாம் இருக்கும். எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று குறித்துவைத்துத்தான் ஒலிபரப்புக்கு அனுப்புவோம். மரபணுவிலும் அப்படி வெட்டிவிட வேண்டிய துண்டுகள் உண்டு. வெட்டும் இடத்தைக் காட்டும் குறியில் ஓர் எழுத்து மாறியதால், உடல் தவறான இடங்களில் வெட்டிவிடுகிறது. பெரும்பாலான படிகள் வீணாகின்றன. பீட்டா சங்கிலி தட்டுப்பாடாகிறது. சிவப்பணு சிறுத்து வெளிறிப்போகிறது.

தங்கைக்கு இது பெரிய தொந்தரவு தராததற்குக் காரணம், அவளிடம் இரண்டு ஏடுகள் இருப்பதுதான். சித்தப்பா வழி வந்த ஏட்டில் பிழை. சித்தி வழி வந்த ஏடு சரியாக இருந்தது. ஒன்று தடுமாறினாலும் மற்றொன்று சமாளித்துக்கொள்கிறது.

கால், அரை, கால்

ஒரே வகைப் பிழையைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால்தான் சிக்கல். அவர்களுக்கு உண்டாகும் ஒவ்வொரு கருவுக்கும் இரு ஏடுகளும் சரியாக அமைய கால் பங்கு வாய்ப்பு. பெற்றோரைப் போலவே சுமப்பவராக அரைப் பங்கு. இரு ஏடுகளிலும் பிழையோடு, அதாவது தலசீமியா நோயோடு பிறக்கக் கால் பங்கு.

இந்தக் கணக்கை நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறோம். 'நாலில் ஒன்றுதானே, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது' என்பார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கருவுக்கும் சோழி புதிதாக உருட்டப்படுகிறது. முந்தைய ஆட்டத்தை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கடுமையான பீட்டா தலசீமியாவோடு பிறக்கும் குழந்தை, பிறந்த சில மாதங்களுக்கு மற்றக் குழந்தைகளைப் போலவேதான் இருக்கும். கருவில் இருந்தபோது சுரந்த வேறு வகை ஹீமோகுளோபின் அதுவரை காப்பாற்றும். அது குறைந்து, பீட்டா சங்கிலி பொறுப்பேற்க வேண்டிய ஆறு மாத வயதுக்குப் பிறகு முகம் வெளிறும். பால் குடிக்காது, எடை ஏறாது, மண்ணீரல் வீங்கும். அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க.

ஏற்றும் இரத்தமே இன்னொரு சுமையும் கொண்டுவரும். ஒரு பை இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு இருக்கிறது. நம் உடல் ஒரு நாளில் வெளியேற்றுவது ஏறக்குறைய ஒரே ஒரு மில்லிகிராம். மிச்சமெல்லாம் இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படியும். அதை வெளியேற்ற மருந்து வேண்டும். முன்பு வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி செருகி, சிறு பம்ப் ஒன்றை இரவெல்லாம் ஓடவிட வேண்டியிருந்தது. இப்போது மாத்திரைகளும் உண்டு. ஒழுங்காகச் சிகிச்சை பெறுபவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் அவர்களின் நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் மருத்துவமனைக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். இரத்த தான முகாமில் நாம் கொடுக்கும் பைகளில் ஒரு பகுதி போய்ச் சேரும் இடமும் அதுதான்.

முழுமையாகக் குணமாக்கும் வழிகளும் உண்டு. உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் மாற்று சிகிச்சை செய்யலாம். 2023 நவம்பரில், மரபணுவைக் கத்தரித்துத் திருத்தும் கிறிஸ்பர் முறையிலான காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு உலகிலேயே முதல்முறையாக பிரிட்டன் அனுமதி கொடுத்தது. சில மாதங்களில் அமெரிக்காவும் தலசீமியாவுக்கு அதை அனுமதித்தது. அங்கே அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். நம் வீட்டுக்கு அது வந்து சேரப் பல காலம் ஆகும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை இப்போதே வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சொந்தம் விட்டுப்போகாமல்

தங்கையின் மாப்பிள்ளை அத்தை மகன் என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் கணக்கு இறுகுகிறது.

பிழை சித்தப்பா வழியில் வந்தது. அப்படியானால் எங்கள் தாத்தா, பாட்டி இருவரில் ஒருவரிடமாவது அது இருந்திருக்க வேண்டும். அவர்களின் மகளான அத்தைக்கு அது வந்திருக்க அரைப் பங்கு வாய்ப்பு. அத்தையிடமிருந்து அவர் மகனுக்கு அதில் பாதி, அதாவது கால் பங்கு. வழியில் போகும் யாரோ ஒருவரை மணந்தால், அவரும் அதே பிழையைச் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு இதைவிட எவ்வளவோ குறைவு. உறவில் மணம் முடிப்பது புதிதாக எந்தப் பிழையையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே குடும்பத்துக்குள் ஒளிந்திருக்கும் பிழை தன் ஜோடியைச் சந்திக்க வழி செய்துகொடுக்கிறது, அவ்வளவுதான்.

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று முறை பார்த்துக் கட்டுவது நம்மோடு கப்பலேறி வந்த வழக்கம். மலேசியச் சட்டத்துக்கும் அது தெரியும். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், மாமனும் மருமகளும் மணப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் இந்துக்களின் வழக்கப்படி ஒருவர் தம் அக்காள் மகளை மணப்பதற்கு மட்டும் விலக்களித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமான திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. இந்திய மாநிலங்களில் அதுதான் மிக அதிகம்.

இதைச் சொல்வது அந்த வழக்கத்தைப் பழிப்பதற்காக அல்ல. என் பாட்டியும் தாத்தாவும்கூட முறைப்பையன், முறைப்பெண்தான். முதல் உறவில் மணந்துகொண்டவர்களின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தாய்மாமன் உறவில் நெருக்கம் இன்னும் அதிகம். அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள் என்றால், மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள்.

'நாங்கள் சொந்தத்தில் கட்டுவதில்லை, எங்களுக்கு இது பொருந்தாது' என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் அவர்கள் குழுவினரும் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்கள் மிகச் சிறிய ஒரு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. பிறகு நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டு வந்தவை அவை. இந்த விஷயத்தில் உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட இவர்களின் நெருக்கம் அதிகம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள சமூகங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அட்டையில் சாதி பார்த்து வரன் தேடும்போது, நமக்கே தெரியாத ஒரு தூரத்துச் சொந்தத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கிள்ளானின் கொசுக்கள்

இவ்வளவு தீங்கு செய்யும் பிழை ஏன் மறையாமல் இத்தனை தலைமுறை தாண்டி வந்தது? அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு துண்டு கிள்ளானிலேயே கிடக்கிறது.

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று அழைப்பது அதைத்தான். சதுப்பு நிலத்தில் கட்டிய துறைமுகம். சில மாதங்களுக்குள் மலேரியா தாக்கிய வேகத்தில், துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் நிலை வந்தது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பிக் காட்டை வெட்டச் சொன்னார், வாய்க்கால் தோண்டச் சொன்னார், சதுப்பை வடிக்கச் சொன்னார். நோய் மளமளவென்று இறங்கியது. பிறகு தோட்டம் தோட்டமாக அந்த வேலை பரவியது. அந்த வாய்க்கால்களுக்கும் தோட்டங்களுக்கும் மண்வெட்டி பிடித்தவர்களில் நம் முன்னோர் எத்தனை பேர், காய்ச்சலில் போனவர்கள் எத்தனை பேர் என்பது தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த கதை.

1949-ல் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஒரு யோசனையை முன்வைத்தார். மலேரியா மிகுந்த நாடுகளில்தான் தலசீமியாவும் மிகுந்திருக்கிறது. அப்படியானால் ஒரே ஒரு பிழையைச் சுமப்பவர்களை மலேரியாக் கிருமி அவ்வளவு எளிதாக வீழ்த்த முடிவதில்லையோ? 1954-ல் ஆந்தனி அலிசன், ஆப்பிரிக்காவில் அரிவாள் அணுச் சோகை என்னும் இன்னொரு ஹீமோகுளோபின் நோயை ஆராய்ந்து, அதைச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று காட்டினார். தலசீமியாவுக்கும் அந்தக் கருத்து பிறகு வலுப்பட்டது. கொசு நிறைந்த ஊரில் ஒற்றைப் பிழை ஓர் உயிர்க்கவசம். அதைச் சுமந்தவர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பிழையையும் கையளித்தார்கள். கொசுவை ஒழித்த பிறகு கவசம் தேவையற்றுப் போனது. அதன் பாரம் மட்டும் மிஞ்சியது. ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியாவிலேயே குடியேறி, 1964-ல் ஒடிசாவின் புவனேஸ்வரில் மறைந்தார்.

ஒடிசா என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. அரிவாள் அணுச் சோகையும் பீட்டா சங்கிலியில் ஓர் எழுத்து மாறுவதால் வருவதுதான். அது ஆப்பிரிக்கருக்கு மட்டுமே உரியது என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்தபோது, 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் அது இருப்பதைக் கண்டு எழுதினார்கள். 1980-களில் லீ இஞ்சோ லுவான் எங் என்ற இரத்தவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், சிலாங்கூர் எல்லையில் இருக்கும் உலு பெர்ணத்தில் அதே நோயைக் கண்டார்கள். நோயாளிகள் ஒடிசாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலரிடம் ஆல்ஃபா தலசீமியாவும் சேர்ந்திருந்தது. அப்படிச் சேரும்போது அரிவாள் அணு நோயில் சிவப்பணுக்கள் சிதைவது குறைகிறது. ஒரு பிழை மற்றொரு பிழையின் கையைப் பிடித்துத் தடுக்கிறது.

நம் முன்னோர் தகரப்பெட்டியில் என்ன கொண்டுவந்தார்கள் என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரத்தத்தில் என்ன கொண்டுவந்தார்கள் என்பதைப் பேசியதில்லை. மலேசியாவில் பதிவான தலசீமியா நோயாளிகளில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் மிகக் குறைவு. அதனாலேயே 'இது நம்ம நோய் இல்லை' என்று இருந்துவிடுகிறோம். கலப்புத் திருமணங்கள் பெருகும் காலம் இது. மலாய்க்காரர்களிடம் பரவலாக இருக்கும் ஹீமோகுளோபின் ஈ என்ற பிழை தனியாக இருந்தால் தொந்தரவில்லை. ஆனால் பீட்டா தலசீமியாவோடு ஜோடி சேர்ந்தால், குழந்தைக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக் கடுமையாகலாம். வெளியில் கட்டினாலும் சொந்தத்தில் கட்டினாலும், பார்த்துவிட்டுக் கட்டுவதே நல்லது.

பாட்டி கை நீட்டினார்

தங்கை சித்தி சொன்னதைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை மகனை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவனும் போய் இரத்தம் கொடுத்தான். விடை வரும்வரை இரண்டு வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவனும் சுமப்பவன்தான்.

அப்படி இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் திருமணமே செய்யக்கூடாது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. எங்களுக்கும் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். கரு உண்டான 11-ஆம் வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். சோதனைக்குழாய் முறையில் கருவைப் பரிசோதித்த பிறகு கருப்பையில் வைக்கலாம். அதற்குச் செலவு அதிகம். கருவைக் கலைப்பது என்ற பேச்சு வந்தால் நம் சட்டத்தில் எல்லைகள் உண்டு. தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ ஆபத்து என்று மருத்துவர் கருதினால்தான் இடமுண்டு. இதோடு சமயம் இருக்கிறது, மனசாட்சி இருக்கிறது. எல்லாவற்றையும் எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும், அதுவும் அந்த இருவர் மட்டுமே.

சைப்ரஸ் தீவில் இதை ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது. 1970-களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்துக்குப் பிறகு அங்கே தலசீமியாவோடு குழந்தை பிறப்பது மிக அரிதாகிவிட்டது. திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழைத் தேவாலயமே கேட்கிறது. ஆனால் விடை என்னவாக இருந்தாலும் திருமணத்தைத் தடுப்பதில்லை. இருவரும் சுமப்பவர்கள் என்று தெரிந்தும் பெரும்பாலோர் மணந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு மணந்தார்கள்.

எங்கள் வீட்டில் இருவரும் பேசி, பிரிவது என்று முடிவெடுத்தார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அத்தை அழுதார். 'சொந்தம் விட்டுப்போச்சே' என்று பாட்டியும் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கும் பாருங்க, யாருகிட்டேயிருந்து வந்துச்சுன்னு தெரியட்டும்” என்று 84 வயதில் கையை நீட்டினார். பாட்டிக்கு இல்லை. அப்படியானால் தாத்தா. சிறு வயதில் கிள்ளான் தோட்டத்து லயத்தில் குளிர்க்காய்ச்சலில் கிடந்து பிழைத்து எழுந்ததைத் தாத்தா ஒரு வீரக்கதை போலச் சொல்வார். அந்த எழுத்துதான் அவரைக் காப்பாற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு குடும்பமே வரிசையில் நின்றது. அத்தைக்கு இருக்கிறது. என் அப்பாவுக்கு இருக்கிறது. தம்பிக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. இத்தனை ஆண்டுகள் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து 'தலசீமியா பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று சுகாதாரச் செய்தி வாசித்தவள், அந்த வரிசையில் நிற்கும்வரை தன் இரத்தத்தைப் பார்த்ததே இல்லை.

தங்கை இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவரை மணந்தாள். அவர் பெண் பார்க்க வந்த அன்றே அவளே எடுத்துச் சொன்னாள். அவருக்குப் பிழை இல்லை. அத்தை மகனுக்கும் திருமணமாகிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் பாட்டி வீட்டுக்குத்தான் வருகிறது. முதல் வருடம் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இப்போது பிள்ளைகள் சேர்ந்து மத்தாப்பு கொளுத்துகிறார்கள்.

போன மாதம் கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டில் வரன் பேச்சு. பத்தில் எட்டுப் பொருத்தம் என்று ஜோதிடர் சொல்லிவிட்டதாகப் பெண்ணின் தாயார் மகிழ்ச்சியோடு பலகாரத் தட்டை நீட்டினார். சித்தி ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: “எட்டு இருக்கட்டும். இரத்தம் பார்த்தாச்சா?”

பரிசோதனை: சில குறிப்புகள்

எங்கே செய்யலாம்? அரசு சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள். தனியார் கிளினிக்குகளிலும் ஆய்வகங்களிலும் செய்யலாம். 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு தலசீமியா பரிசோதனை நடத்தும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு தொடங்கியது. ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதற்கு முன் பள்ளி முடித்தவர்கள் நாமே போய்க் கேட்க வேண்டும்.

என்ன பரிசோதனை? முதலில் முழு இரத்தப் பரிசோதனை. சிவப்பணு சிறியதாக இருந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்களுக்கு ஏ2 வகை ஹீமோகுளோபின் வழக்கமாக 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். ஆல்ஃபா வகையை உறுதிசெய்ய டிஎன்ஏ பரிசோதனை தேவைப்படலாம்.

இரத்தப் பிரிவு தெரிந்தால் போதாதா? போதாது. ஓ, ஏ, பி என்பது வேறு, இது வேறு.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடலாமா? தலசீமியாவைச் சுமப்பதால் வரும் இரத்தக் குறைவு இரும்பால் சரியாகாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து மருத்துவர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

ஒருவருக்கு இருந்தால்? அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா வழிச் சொந்தங்களுக்கும் சொல்லுங்கள். அது தொற்றாது. சுமப்பவருக்குச் சிகிச்சையும் தேவையில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.